18,000 சுலோகங்கள் அறிந்தும் பசியாற வழியில்லை: ஆதரவற்ற இளம்பெண்களுக்கு இல்லம் எழுப்பிய பண்டித ரமாபாய்

மகாராஷ்டிர மாநிலம் புணே நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் கேட்காவ் என்ற சிற்றூர் உள்ளது. 1900ஆம் ஆண்டு வாக்கில் இவ்வூரின் வயல்வெளியில் அமைந்த ஒரே வளாகத்தில் ஏறத்தாழ 2,000 பெண்களும் சிறுமிகளும் வாழ்ந்தனர். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர்கள், கணவன் இறந்ததால் புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்டவர்கள், நிவாரண முகாம்களில் கேட்பாரற்றுக் கிடந்தவர்கள் எனப் பலரும் அங்கே இருந்தனர். அவர்கள் தறி நெய்தனர், கால்நடை வளர்த்தனர், எண்ணெய் ஆட்டினர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தனர். அந்த வளாகத்தின் பெயர் முக்தி சதன். அதை நிறுவியவர் பண்டித ரமாபாய்.

சமஸ்கிருத அறிஞர், பெண்கல்விக்காகக் குரல் கொடுத்தவர், நூலாசிரியர் என்ற வகையில் ரமாபாயின் பெயர் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அவரே தமது பதின்ம வயதில் வீடின்றி, உணவின்றி நாடு முழுவதும் நடந்து திரிந்தவர் என்ற செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் நடத்திய இல்லங்களின் அமைப்பு முறையைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டுகளை அறிந்துகொள்வது அவசியம்.

கூடையில் தொடங்கிய பயணம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற வனப்பகுதியில் பிறந்தார். அது இன்றைய கர்நாடக மாநிலத்தில் உள்ளது. தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன் பிராமண வகுப்பைச் சேர்ந்த சமஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறி மனைவி லட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சமூகத்தில் எழுந்த எதிர்ப்பே அவரைக் காட்டில் ஆசிரமம் அமைத்து வாழச் செய்தது.

ஆசிரமத்துக்கு வந்த மாணவர்களையும் யாத்திரிகர்களையும் உபசரித்ததில் குடும்பத்தின் கையிருப்பு கரைந்தது. ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் ஆசிரமத்தை விட்டு வெளியேறியது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றனர். அதன்பின் அக்குடும்பத்துக்கு நிலையான வீடு என்று ஒன்று அமையவில்லை. ஊர் ஊராகச் சென்று கோயில்களில் புராணம் வாசிப்பதும், கேட்போர் தரும் காணிக்கையில் வாழ்வதும் அவர்களது வாழ்க்கை முறையாயிற்று.

வழிநடையிலேயே தாயிடம் ரமாபாய் கல்வி பயின்றார். பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களையும் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தார். எனினும் உலகியல் சார்ந்த எந்தத் தொழிலையும் பிள்ளைகள் கற்பதைத் தந்தை விரும்பவில்லை. இந்தக் குறை பின்னர் குடும்பத்தின் உயிரையே விலையாகக் கேட்டது.

திருப்பதிக் காட்டில் 11 நாட்கள்

1870களின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவில் பஞ்சம் பரவியது. தந்தை முதுமையால் தளர்ந்து பார்வையை இழந்திருந்தார். புராணம் கேட்போரும் காணிக்கை தருவோரும் குறைந்தனர். எஞ்சியிருந்த பணமும் நகைகளும் பாத்திரங்களும் பரிகாரங்களுக்கும் தானங்களுக்குமாகச் செலவாயின. கூலி வேலைக்குச் செல்லக் குலப்பெருமை இடம் தரவில்லை. வேறு வேலை எதுவும் அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

அப்போது குடும்பம் திருப்பதியில் தங்கியிருந்தது. அந்நாளில் திருப்பதி சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைசி அரிசியும் தீர்ந்த நிலையில், தெரிந்தவர்கள் நடுவே வறுமையின் அவமானத்தைச் சுமப்பதைவிடக் காட்டுக்குள் சென்று இறப்பதே மேல் என்று குடும்பத்தினர் முடிவு செய்தனர். அன்றிரவே வெளியேறி 11 நாட்களை வனத்தில் கழித்தனர். தண்ணீரும் இலைகளும் காட்டுப் பழங்களுமே உணவு. தந்தை புனிதக் குளத்தில் மூழ்கி உயிர்விடத் தீர்மானித்து ஒவ்வொருவரிடமும் விடைபெற்றார். மகன் ஸ்ரீநிவாசன் குலப்பெருமையைக் கைவிட்டுக் கூலி வேலை செய்தாவது அனைவரையும் காப்பதாகக் கூறித் தடுத்த பின்னரே அவர் அம்முடிவைக் கைவிட்டார்.

ஆனால் உதவி மிகவும் தாமதமாகி விட்டது. சில மாதங்களுக்குள் தந்தை, தாய், மூத்த சகோதரி என மூவரும் அடுத்தடுத்து இறந்தனர். தாயின் உடலை மூன்று மைல் தொலைவில் இருந்த மயானத்துக்குக் கொண்டு செல்லப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இரக்கப்பட்டு முன்வர, மகனும் மகளும் பாடையின் மற்ற இரு முனைகளைச் சுமந்தனர். உயரம் குறைவாக இருந்ததால் ரமாபாய் தம் பங்கைத் தலையில் தாங்கி நடந்தார்.

எஞ்சிய இருவரும் வடக்கு நோக்கி ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகவே சென்றனர். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில் கடுங்குளிரைத் தாங்கப் போர்வை இல்லாமல், மணலில் குழி தோண்டி அதற்குள் இறங்கி, தலையை மட்டும் வெளியே விட்டு உடலை உலர்ந்த மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தனர். பின்னாளில் ரமாபாய் தமது வரலாற்றை எழுதியபோது இந்நிகழ்ச்சிகளை எவ்வித மிகையுமின்றிப் பதிவு செய்தார்.

கல்கத்தாவில் கிடைத்த பட்டம்

1878ஆம் ஆண்டு இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண் ஒருவர் சாத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லி விளக்குவதைக் கண்டு அந்நகரின் அறிஞர்கள் வியந்தனர். அவரைச் சோதித்தறிந்து பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினர். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் உள்ளிட்டோர் அவரை ஆதரித்தனர். பெண்களின் நிலை குறித்து அவர் வங்காளத்தின் பல ஊர்களில் சொற்பொழிவாற்றினார்.

1880ஆம் ஆண்டு சகோதரர் ஸ்ரீநிவாசன் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் விபின் விகாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகன் வேறு மொழியினர். சூத்திரராகக் கருதப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். இத்திருமணத்தை இரு தரப்பு உறவினரும் ஏற்கவில்லை. 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் விபின் விகாரி காலராவால் இறந்தார். 23 வயதில், கைக்குழந்தையுடன் ரமாபாய் விதவையானார்.

புணேயில் பணி

1882ஆம் ஆண்டு அவர் புணேக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். பெண்களுக்கான நெறிகளைக் கூறும் மராத்தி நூல் ஒன்றையும் எழுதினார். கல்வி குறித்து ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் நாட்டுக்குத் தேவை என்று வலியுறுத்தினார்.

1883ஆம் ஆண்டு மருத்துவம் பயிலும் நோக்குடன் இங்கிலாந்து சென்றார். காது கேளாமை அதிகரித்ததால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தார். லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் சமூகம் ஒதுக்கிய பெண்களுக்காகக் கிறித்தவச் சகோதரிகள் நடத்திய மறுவாழ்வு இல்லம் அவரது மனத்தில் ஆழப் பதிந்தது. அவரது மதமாற்றம் மராத்திச் சமூகத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஜோதிராவ் புலே அவருக்கு ஆதரவாக எழுதினார்.

1886ஆம் ஆண்டு, மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழாவில் பங்கேற்க ரமாபாய் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். அங்கே தங்கியிருந்த காலத்தில் பள்ளிகளைப் பார்வையிட்டார். சிறு குழந்தைகளுக்கான கல்வி முறையைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை குறித்து 1887ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவருக்கு ஆதரவாளர்களைத் தேடித் தந்தது. இந்தியாவில் விதவைகளுக்கான இல்லம் ஒன்றைப் பத்து ஆண்டுகளுக்கு நடத்த நிதி வழங்குவதாக பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம் உறுதியளித்தது.

சாரதா சதன்

1889ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. இளம் விதவைகள் தங்கிப் படிப்பதற்கான இல்லம் அது. அக்காலத்தில் உயர்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்த சிறுமிக்குத் தலை மழிக்கப்பட்டது. ஒரு வேளை உணவும், வீட்டின் கடினமான வேலைகளும் அவளுக்கு விதிக்கப்பட்டன. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் பாரமாகவே எண்ணப்பட்டாள். கூரை இருந்தும் வீடற்றவர்களாக வாழ்ந்த இத்தகைய பெண்களே சாரதா சதனை நாடி வந்தனர்.

இல்லத்தின் முதல் மாணவிகளில் ஒருவர் கோதுபாய். சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். அங்கே கல்வி கற்ற அவர் 1893ஆம் ஆண்டு சமூகச் சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே பின்னர் புணே அருகே விதவைகளுக்கான இல்லத்தையும், 1916ஆம் ஆண்டு மகளிர் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். 1958ஆம் ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

1890ஆம் ஆண்டு சாரதா சதன் புணேக்கு மாற்றப்பட்டது. பெண்கள் தத்தம் சாதி வழக்கப்படி உண்ணவும் வழிபடவும் இல்லத்தில் இடமளிக்கப்பட்டது. சமயச் சார்பின்றி நடத்தப்படும் என்ற உறுதிமொழியின் பேரிலேயே மகாதேவ கோவிந்த ரானடே, ராமகிருஷ்ண பண்டார்கர் போன்ற தலைவர்கள் ஆலோசனைக் குழுவில் இணைந்திருந்தனர்.

நம்பிக்கை குலைந்த 1893

ரமாபாய் தம் அறையில் பிரார்த்தனை செய்யும்போது கதவை மூடுவதில்லை. விரும்பிய மாணவிகள் வந்து அமரலாயினர். சிலர் கிறித்தவ சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். பால கங்காதர திலகரின் கேசரி இதழ் இதைக் கடுமையாக எதிர்த்தது. 1893ஆம் ஆண்டு ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோரும் பாதுகாவலர்களும் சுமார் 25 பெண்களை இல்லத்திலிருந்து அழைத்துச் சென்றனர்.

எந்தப் பெண்ணையும் வற்புறுத்தவில்லை என்பதும், பிரார்த்தனையை மறைவில் செய்ய வேண்டிய தேவை தமக்கில்லை என்பதும் ரமாபாயின் நிலைப்பாடு. உறுதிமொழி மீறப்பட்டது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அண்டி வந்தவர்க்கு உணவும் இடமும் அளிப்பவரின் சமயம் தானாகவே ஓர் அழுத்தமாக அமைந்துவிடாதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. வேறு போக்கிடம் இல்லாத சிறுமிக்கு மறுக்கும் உரிமை எந்த அளவுக்கு உண்மையானது என்பதை இன்றைய ஆய்வாளர்களும் விவாதிக்கின்றனர். அதே வேளையில், இல்லத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட பெண்களுக்கு இணையான மாற்று இடம் அன்றைய புணேயில் இருக்கவில்லை. கார்வேயின் இல்லம் தொடங்கப்பட்டது 1896ஆம் ஆண்டில்தான்.

பஞ்ச நிலத்தில் தேடல்

1896, 1897ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியது. செய்தி அறிந்த ரமாபாய் தாமே நேரில் புறப்பட்டார். நிவாரண வேலை நடந்த இடங்களிலும் அரசின் ஏழை விடுதிகளிலும் அவர் கண்ட காட்சிகள் தமது இளமைக்கால நினைவுகளை மீண்டும் எழுப்பின. உணவைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்றையும் அவர் கவனித்தார். பெற்றோரை இழந்த பருவப் பெண்களைத் தீய நோக்குடன் அழைத்துச் செல்ல ஆட்கள் சுற்றித் திரிந்தனர். முகாம்களில் அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லை.

300 பெண்களையேனும் ஏற்றுக் காப்பது என்று அவர் தீர்மானித்தார். அதற்கான நிதி அப்போது அவரிடம் இல்லை. புணேயில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருந்தன. புதிதாக வருவோரை நகருக்குள் தங்கவைக்க இயலவில்லை. இல்லத்தின் வருவாய்க்காகப் பழத்தோட்டம் அமைக்கும் எண்ணத்தில் கேட்காவில் முன்னரே வாங்கியிருந்த சுமார் 100 ஏக்கர் நிலம் அப்போது கைகொடுத்தது. கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் பெண்கள் தங்கவைக்கப்பட்டனர். முக்தி சதன் இவ்வாறே தோன்றியது.

அதே 1897ஆம் ஆண்டு, புணேயின் கொள்ளைநோய் முகாமில் தம் இல்லத்தைச் சேர்ந்த பெண் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து அவர் பம்பாய் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதம் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பம்பாய் ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் குற்றச்சாட்டை மறுத்தார். நன்கொடையை நம்பியிருந்த நிலையிலும் அரசைக் குறை கூற அவர் தயங்கவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1899, 1900ஆம் ஆண்டுகளில் குஜராத்திலும் ராஜபுதனத்திலும் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. விக்ரம ஆண்டு 1956இல் நிகழ்ந்ததால் இன்றும் அப்பகுதி மக்கள் அதை ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம் என்ற பொருளில் சப்பனியா என்று அழைக்கின்றனர். ரமாபாயின் உதவியாளர்கள் அங்கிருந்தும் சிறுமிகளை அழைத்து வந்தனர். இல்லத்தினர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,000ஐ எட்டியது.

எழுத்தும் தொழிலும்

முக்தி சதனில் ஒவ்வொரு பெண்ணும் எழுதப் படிக்கக் கற்பதோடு ஒரு கைத்தொழிலையும் கற்க வேண்டும் என்பது நடைமுறையாக இருந்தது. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, வேளாண்மை, சலவை, செவிலியர் பணி, புத்தகம் கட்டுதல், அச்சுக் கோத்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. தகுதி பெற்றோர் ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். கிணறுகள் வெட்டப்பட்டன. இல்லத்தின் தேவைகளில் கணிசமான பகுதியை அங்கிருந்தோரின் உழைப்பே நிறைவு செய்தது.

ஆயிரக்கணக்கான சுலோகங்களை அறிந்திருந்தும் தம் குடும்பம் பட்டினியில் அழிந்ததை ரமாபாய் மறக்கவில்லை. இல்லத்தை விட்டு வெளியேறும் பெண் மீண்டும் பிறரை அண்டி வாழும் நிலைக்குத் தள்ளப்படக் கூடாது என்பதே தொழிற்பயிற்சியின் நோக்கம். அங்கே பயின்றவர்களில் பலர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றினர். பலர் தாம் விரும்பிய இல்லறத்தை அமைத்துக்கொண்டனர்.

பாலியல் சுரண்டலுக்கு உள்ளாகி ஒதுக்கப்பட்ட பெண்களுக்காகக் கிருபா சதன் என்ற தனிப்பிரிவு ஏற்படுத்தப்பட்டது. முதியோருக்குப் பிரீதி சதனும் பார்வையற்றோருக்கெனத் தனி இல்லமும் அமைந்தன. மகள் மனோரமா பார்வையற்ற பெண்களுக்குப் பிரெய்ல் முறையில் கல்வி கற்பித்தார்.

இந்தக் காலகட்டத்தில் முக்தி சதன் வெளிப்படையாகவே கிறித்தவ நிறுவனமாக இயங்கியது. சமயச் சார்பற்ற இல்லம் என்ற பழைய உறுதிமொழிக்கு இங்கே இடமில்லை. பாஸ்டன் சங்கத்தின் பத்தாண்டு உதவிக்காலம் முடிவுற்றதையடுத்து 1898ஆம் ஆண்டு மீண்டும் அமெரிக்கா சென்று கணக்கு வழங்கிய ரமாபாய், தமது பணியைப் புதிய ஆதரவாளர்களின் துணையோடு தொடர்ந்தார்.

இறுதிக் காலம்

வாழ்வின் பிற்பகுதியில் ரமாபாய் விவிலியத்தை எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலமொழிகளிலிருந்து எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். அதற்காக அம்மொழிகளைத் தாமே கற்றார். அந்நூலை அச்சுக் கோத்து அச்சிட்டவர்கள் முக்தி சதன் பெண்களே.

1919ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தை வழங்கியது. 1921 ஜூலையில் மகள் மனோரமா 40 வயதில் இறந்தார். இல்லத்தின் பொறுப்பை ஏற்பார் என்று தாய் நம்பியிருந்தவர் அவர். ஒன்பது மாதங்களுக்குள், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி ரமாபாயும் காலமானார். 1989ஆம் ஆண்டு இந்திய அரசு அவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இன்றைய நிலை

ஆதரவற்ற சிறார்களின் பாதுகாப்பு இன்று சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது குறித்துக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்கிறது. ஆபத்தில் உள்ள சிறார்களுக்காக 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் செயல்படுகிறது. நிறுவனத்தின் சமயமோ நிர்வாகியின் விருப்பமோ குழந்தையின் மீது திணிக்கப்படாமல் பாதுகாக்க, 1893ஆம் ஆண்டில் இல்லாத கண்காணிப்பு முறைகள் தற்போது உள்ளன.

பதினெட்டு வயது நிறைந்ததும் இளையோர் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியுள்ளது. அவர்கள் சமூகத்தில் நிலைபெற உதவும் பிற்பராமரிப்புக்கு அதே சட்டம் வழிசெய்கிறது. கல்வி, தொழிற்பயிற்சி, நிதியுதவி ஆகியவற்றை அது உள்ளடக்குகிறது. கையில் தொழிலின்றி வெளியேறும் இளைஞரும் இளம்பெண்ணும் மீண்டும் தெருவுக்கே வர நேரிடும் என்பதால், குழந்தைகள் நலத்துறையில் இப்பிரிவு முக்கியமாகக் கருதப்படுகிறது.

கேட்காவில் ரமாபாய் தொடங்கிய நிறுவனம் பண்டித ரமாபாய் முக்தி மிஷன் என்ற பெயரில் இன்றும் இயங்கி வருகிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே தங்கிக் கல்வியும் தொழிலும் கற்கின்றனர்.